குழந்தைக்குத் தைக்கும் கை

அன்பு கண்ணுக்குப் புலப்படாதது. ஆயினும், அன்புடையார் எவரும் அதனை அந்நிலையிலேயே விட்டுவிட மனம் ஒப்புவதில்லை. சோறாக ஊட்டுகின்றனர், துணியாக உடுத்துகின்றனர், விளையாட்டுப் பொருளாகக் கையில் கொடுக்கின்றனர். பொருளின் வாயிலாக அன்பைப் புலப்படுத்தும் இப்பழக்கத்துக்குள் ஓர் அறவினா மறைந்திருக்கிறது. விலை கொடுத்து வாங்கிய பொருளைவிடத் தன் கையால் செய்த பொருள் உயர்ந்ததா? உயர்ந்தது எனின், செய்வதற்கு நேரமில்லாத தாய்தந்தையரின் அன்பு தாழ்ந்ததாகிவிடுமா?

இவ்வினாவைப் பெரிய தத்துவ நூல்களிலிருந்து தொடங்க வேண்டுவதில்லை. ஒரு கைக்குழந்தையின் துணிகளிலிருந்து தொடங்கினால் போதும்.

இன்று ஈப்போ நகரிலும் அதனைச் சூழ்ந்த குடியிருப்புகளிலும் வாழும் இளம் பெற்றோர் பலர் இருவருமாக வேலைக்குச் செல்கின்றனர். குழந்தையைக் காலையில் பராமரிப்பாளரிடம் விட்டு, மாலையில் மீட்டு வருகின்றனர். இவர்களுள் சிலர், வீட்டு வேலைகள் முடிந்த பின் இரவில் தையல் இயந்திரத்தின் முன் அமர்கின்றனர். தள்ளுவண்டியில் விரிக்கும் மெத்தை விரிப்பு, குழந்தையின் தோளில் உராயாதபடி வாரின்மேல் இடும் உறை, எச்சில் துடைக்கும் மார்புத்துணி, அணையாடைகளை எடுத்துச் செல்லும் பை ஆகியவற்றைத் தம் கையாலேயே தைக்கின்றனர். இவையெல்லாம் கடைகளில் மலிவாகவே கிடைக்கின்றன. நேரமில்லை என்று நாள்தோறும் வருந்துகிற ஒருவர், இருக்கும் சிறிது நேரத்தையும் ஊசியிடம் ஒப்படைப்பது ஏன்? இது குழந்தைக்குக் கொடுப்பதா, குழந்தையிடமிருந்து எடுப்பதா?

தோட்டத்துத் தொட்டில்

இவ்வினாவுக்கு விடை காண, நம் மாநிலத்தின் பழைய வாழ்வைச் சற்றுத் திரும்பிப் பார்த்தல் வேண்டும். 1877ஆம் ஆண்டு கோலகங்சாரில் ரப்பர்க் கன்றுகள் நடப்பட்டன. பின்னர் அப்பயிர் பேராக் மாநிலத்தின் முகத்தையே மாற்றியது. சுங்கை சிப்புட் முதல் தெலுக் இந்தான் வரை எழுந்த தோட்டங்களில், தமிழ்த் தாய்மார்கள் பொழுது புலரும் முன்னரே பெரட்டுக்களத்தில் வந்து நின்றனர். காலையின் குளிர்ச்சியில்தான் மரத்திலிருந்து பால் நன்கு வடியும். ஆகவே மரத்தின் நேரத்துக்கு மனிதர் பணிந்தனர். உறங்கும் குழந்தையை உறக்கத்திலேயே தூக்கிச் சென்று ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டு, உளியும் வாளியுமாக வெளிக்காட்டுக்கு நடந்தனர்.

அக்குழந்தைகளின் துணிகள் எவ்வாறு உண்டாயின? தாயின் பழைய சேலை தொட்டிலாயிற்று. தந்தையின் கிழிந்த வேட்டி அணையாடையாயிற்று. பாட்டனின் கைலி போர்வையாயிற்று. கோதுமை மாவு வந்த பையை வெளுத்துச் சிறுவர்க்குக் காற்சட்டை தைத்தனர். 1941ஆம் ஆண்டு இறுதியில் தொடங்கி 1945 வரை நீடித்த சப்பானியர் ஆட்சிக் காலத்தில் துணிப் பஞ்சம் நாட்டையே வாட்டியது. சாக்குத் துணியையே உடுத்தி மானம் காத்தவர்கள் அன்றைய தோட்டங்களில் இருந்தனர். அந்நாளில் ஒரு முழம் மெல்லிய துணியைக் குழந்தைக்கென்று எடுத்து வைத்த தாய், தன் உடலிலிருந்து எடுத்து வைத்தாள் என்றே சொல்ல வேண்டும்.

பிறந்த குழந்தைக்கு முதன்முதலாகப் புதுத்துணி உடுத்தாமல், வீட்டிலுள்ள மூத்தோரின் பழந்துணியைக் கிழித்து உடுத்தும் வழக்கம் தமிழரிடையே உண்டு. வறுமையால் மட்டும் எழுந்த வழக்கமன்று இது. செல்வர் வீட்டிலும் இதனைக் காணலாம். பலமுறை துவைத்த துணியில் கஞ்சி இராது, சாயம் இராது, நூலின் முரட்டுத்தன்மை அடங்கியிருக்கும். பச்சிளம் உடலுக்கு ஏற்றது அதுவே. மூத்தோர் உடுத்து வாழ்ந்த துணி இளையோர்க்கு வாழ்த்தாகும் என்ற நம்பிக்கையும் அதனோடு சேர்ந்தது. உடலறிவும் உறவுணர்வும் ஒரே துணியில் பின்னிக் கிடந்தன.

இங்கு நாம் கருத வேண்டியது ஒன்று உண்டு. அன்று கையால் தைத்த துணி இல்லாமையின் அடையாளம். கடைச் சட்டை அணிந்த கிராணி வீட்டுக் குழந்தையைக் கண்டு, மாவுப் பைச் சட்டை அணிந்த குழந்தை கூசியது. இன்றோ கையால் தைத்த துணி தனிச்சிறப்பின் அடையாளமாகிவிட்டது; கடைப்பொருள் எல்லாரிடமும் இருப்பதனால் சிறப்பிழந்தது. செயல் ஒன்றே; ஊசி ஒன்றே; நூலும் ஒன்றே. மதிப்பு மட்டும் தலைகீழாயிற்று. அங்ஙனமாயின், 'கையால் செய்தது' என்னும் தன்மையே ஒரு பொருளுக்கு அறமதிப்பைத் தருவதில்லை என்பது தெளிவு. அதற்கு உலகம் இடும் விலை காலத்துக்குக் காலம் மாறும். மாறாத ஒன்றை நாம் வேறிடத்தில் தேட வேண்டும்.

நேரம் அளவுகோல் ஆகுமா?

'பொருளில் இல்லை, அதற்குச் செலவிட்ட நேரத்தில்தான் அன்பு இருக்கிறது' என்று சிலர் கூறுவர். கேட்பதற்கு இனிய கூற்றுத்தான். ஆயினும், ஆயாக் கொட்டகையின் வாயிலில் நின்று இதனைச் சொல்ல நமக்கு நா எழுமா? குழந்தையின் விழிப்புநேரத்தில் பெரும்பகுதியை மரங்களிடையே கழித்தவள் அத்தாய். நேரமே அன்பின் அளவாயின், ஆயாவுக்குத் தாயைவிட மிகுந்த அன்பு இருந்ததாகக் கொள்ள வேண்டும். வேலையின்றி வீட்டிலிருக்கும் செல்வர், உழைக்கும் ஏழையரைவிட நல்ல பெற்றோர் என்று முடிவு கட்ட வேண்டும். இம்முடிவை மனச்சான்று ஏற்பதில்லை. பால் மரத்தில் அவள் இட்ட ஒவ்வொரு வெட்டும் அக்குழந்தைக்கு இட்ட தையலே. நேரம் என்பது பெரும்பாலும் மனிதர் தாமே தெரிந்தெடுத்துக் கொடுக்கும் பொருளன்று. அவருடைய கூலியும் வேலையும் அவருக்கு விட்டு வைத்த மிச்சமே அது. ஒருவரிடம் இல்லாததைக் கொண்டு அவர் அன்பை அளத்தல் அறமாகாது.

ஆகவே, இரவில் கண் விழித்துத் தைக்கிற தாயைப் போற்றுகிற நாம், அவ்வாறு தைக்காத தாயைக் குறைத்துப் பேசும் உரிமையைப் பெற்றுவிட்டதாக எண்ணலாகாது. பாராட்டு ஒன்று, எதிர்பார்ப்பு மற்றொன்று. பாராட்டு எதிர்பார்ப்பாக மாறும்போது, அன்பின் வெளிப்பாடு தேர்வுக் கூடமாகிவிடுகிறது. 'நீ உன் குழந்தைக்கு என்ன தைத்தாய்?' என்ற வினாவுக்கு விடை கூற வேண்டிய கடன் எந்தத் தாய்க்கும் இல்லை.

நேரமும் அளவுகோல் அன்று. பொருளும் அளவுகோல் அன்று. அங்ஙனமாயின் கையால் தைத்தலில் பொருளே இல்லையா? இருக்கிறது. அது எதுவெனக் காண்போம்.

அளவெடுத்தல்

தையலில் முதல் வேலை அளவெடுத்தல். துணியை வெட்டுவதற்கு முன் உடலைப் பார்க்க வேண்டும். இக்குழந்தையின் கழுத்து எவ்வளவு? இடத்தோளில்தானே தலை சாய்கிறது? வாரின் எந்தப் பகுதி கன்னத்தில் உராய்கிறது? முதுகில் வியர்வை எங்கே படிகிறது? இவ்வினாக்களைக் கேட்காமல் ஒரு தோள்வார் உறையைக்கூடத் தைக்க இயலாது. கடைக்காகத் தைப்பவர் 'ஆறு மாதக் குழந்தை' என்னும் ஒரு பொதுமையை மனத்திற்கொண்டு தைக்கிறார். அவர்மீது குறையில்லை, அவர் அவ்வாறுதான் தைக்க இயலும். தாயோ தந்தையோ தைக்கும்போது பொதுமை மறைந்து, 'இக்குழந்தை' என்னும் தனிமை முன்னே நிற்கிறது. ஆகவே கைத்தையலின் மதிப்பு அது கேட்கும் கவனத்தில் இருக்கிறது எனலாம். துணி அக்கவனத்தின் சுவடு.

நம் பழந்தமிழ் இலக்கியம் இதனை வேறு வகையால் உணர்த்துகிறது. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பட்டினப்பாலையில் ஒரு காட்சி உண்டு. காவிரிப்பூம்பட்டினத்து மகளிர், உலர வைத்த உணவைக் கொத்த வரும் கோழியைத் தம் காதிலிருந்த பொற்குழையால் எறிகின்றனர். கீழே விழுந்த அக்குழை, குதிரையின்றிச் சிறுவர் உருட்டி வரும் மூன்றுகால் சிறுதேரின் வழியை மறிக்கிறது. நகரின் செல்வ மிகுதியைக் காட்டவே புலவர் இதனைப் பாடினார் என்று உரைப்பர். அது மெய்யே. ஆயினும் பெற்றோராக நின்று படிப்பவர்க்கு வேறொரு பொருளும் தோன்றுகிறது. பொன்னே ஆயினும், குழந்தையின் வண்டிக்கு முன்னே கிடந்தால் அது தடைதான். குழந்தைக்கு வேண்டியது வழி.

பெரியாழ்வார் கண்ணனைத் தாலாட்டும் பதிகத்தில் தேவர்கள் பரிசு அனுப்புகின்றனர். பிரமன் பொன்னாலான சிறு தொட்டிலை அனுப்புகிறான். ஏனையோரும் தத்தமக்கு இயன்ற அணிகலன்களை அனுப்புகின்றனர். இத்தனை பரிசுகளுக்கிடையில் தாய் எதைக் கொடுக்கிறாள்? தன் குரலைக் கொடுக்கிறாள். 'தால்' என்பதற்கு நாக்கு என்பது பொருள். நாவை அசைத்துப் பாடுவதனால் தாலாட்டு என்று பெயர் பெற்றது. பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களுள் மூன்றாவதும் இத்தாலப் பருவமே. தேவர் அனுப்பிய தொட்டிலும் தாயின் நா அசைந்தால்தான் உறக்கத்தைத் தரும். தொட்டில் பொன்னாலானதா, பழஞ்சேலையாலானதா என்பது அதற்குப் பிற்பட்ட செய்தி.

இயந்திரத்திலும் அன்பு உண்டோ?

இங்ஙனம் கூறுவதனால் வாங்கிய பொருள்களெல்லாம் அன்பற்றவை என்று முடிவு செய்தல் கூடாது. இது குறித்துக் காந்தியடிகள் 1924ஆம் ஆண்டில் கூறிய கருத்து எண்ணிப் பார்க்கத்தக்கது. இயந்திரங்கள் அனைத்தையும் எதிர்ப்பீர்களோ என்று ஜி. இராமச்சந்திரன் என்னும் இளைஞர் அவரை வினவினார். காந்தியடிகள் சிங்கர் தையல் இயந்திரத்துக்கு விலக்களித்தார். மனைவி கையால் தைத்துத் தைத்துச் சோர்வதைக் கண்டு, அவள்மீது கொண்ட அன்பினால் சிங்கர் அதனைப் படைத்தார் என்பது அவர் கூறிய காரணம். அவ்வியந்திரங்களைச் செய்யவும் பெரிய ஆலை வேண்டுமே என்று மீண்டும் வினவியபோது, அத்தகைய ஆலைகள் அரசின் உடைமையாகவோ அரசின் கட்டுப்பாட்டிலோ இருத்தல் வேண்டும் என்றார்.

வரலாற்றை ஆராய்ந்தால் சிங்கரின் கதை அவ்வளவு இனியதன்று. அவருக்கு முன்னரே, 1846இல் எலியாஸ் ஹோவ் என்பவர் தையல் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றிருந்தார். 1851இல் காப்புரிமை பெற்ற சிங்கர் பொருளீட்டும் நோக்கத்தோடே உழைத்தார். அவருடைய இல்லறமும் ஒரு மனைவியோடு நின்றதன்று. ஆயினும் காந்தியடிகள் தந்த அளவுகோல் பழுதுபடவில்லை. ஓர் இயந்திரம் மனிதரின் வீண் உழைப்பைக் குறைத்து, அவரை மனிதராகவே வைத்திருக்குமா என்பதே அவ்வளவுகோல். தவணை முறையில் ஒரு தையல் இயந்திரத்தை வாங்கி வைத்த குடும்பங்களை நம் நாட்டுத் தமிழரிடையே பலரும் கண்டிருப்பர். அவ்வியந்திரம் தாயின் கைவலியைக் குறைத்தது. அண்டை வீட்டார்க்குத் தைத்துச் சிறுவருவாய் ஈட்டவும் உதவியது.

சிங்கரைப் பற்றிய கதை பொய்த்தாலும், அதனை ஒத்த மெய்க்கதை ஒன்று தள்ளுவண்டியின் வரலாற்றில் இருக்கிறது. பழங்காலக் குழந்தை வண்டிகள் செல்வர்க்கென்றே செய்யப்பட்டவை. 1733இல் இங்கிலாந்தில் வில்லியம் கெண்ட் என்பவர் டெவன்சயர் கோமகனின் குழந்தைகளுக்குச் செய்த வண்டியைச் சிறு விலங்கு இழுத்துச் செல்லும். பின்வந்த வண்டிகளும் கனமானவையாகவே இருந்தன. ஓவன் மக்லாரன் என்பவர் விமானப் பொறியாளர். இரண்டாம் உலகப் போரில் பயன்பட்ட 'ஸ்பிட்ஃபயர்' போர் விமானத்தின் சக்கரக் கால்களை அமைக்கும் பணியில் பங்கு கொண்டவர். தம் மகள் குழந்தையோடு பயணம் செய்கையில் கனத்த வண்டியோடு படும் துன்பத்தைக் கண்டார். விமானத்தின் கால்களை மடக்கும் நுணுக்கத்தைப் பயன்படுத்தி, குடைபோல மடங்கும் எடை குறைந்த தள்ளுவண்டியை அமைத்து, 1965இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். போருக்குப் பயன்பட்ட அறிவு பேரக்குழந்தையின் வண்டிக்குப் பயன்பட்டது. இன்று ஈப்போவின் கடைத்தெருக்களில் மடக்கி விரிக்கும் தள்ளுவண்டியைத் தள்ளிச் செல்லும் ஒவ்வொருவரும், ஒரு பாட்டனார் தம் மகளுக்காகச் சிந்தித்த சிந்தனையின் பயனையே துய்க்கின்றனர். ஆகவே, கவனம் ஒரு வீட்டுக்குள் மட்டும் நிற்பதன்று. ஒரு குழந்தைக்காக எழுந்த கவனம் பல குழந்தைகளுக்குப் பயன்படும் பொருளாகவும் மாறலாம். வாங்கிய பொருளின் பின்னேயும் யாரோ ஒருவரின் அளவெடுத்த அன்பு இருக்கக்கூடும்.

குழந்தையின் பக்கம்

இதுகாறும் கொடுப்பவரின் பக்கத்தில் நின்று பேசினோம். பெறுபவரின் பக்கம் சென்று பார்ப்பதும் கடமையாகும். குழந்தைக்குத் துணி என்பது என்ன?

1958ஆம் ஆண்டு அமெரிக்க உளவியலறிஞர் ஹாரி ஹார்லோ தம் ஆய்வுகளை வெளியிட்டார். தாயிடமிருந்து பிரிக்கப்பட்ட குரங்குக் குட்டிகளுக்கு இரண்டு பொம்மைத் தாய்களை வைத்தார். ஒன்று கம்பியாலானது, மற்றொன்றுக்கு மென்மையான துணி போர்த்தப்பட்டிருந்தது. பால் கம்பித் தாயிடம் இருந்தபோதும், குட்டிகள் பாலைக் குடித்துவிட்டுத் துணித் தாயையே அணைத்துக் கிடந்தன. உயிர்க்குப் பாலைப் போலவே தழுவலும் வேண்டும் என்பதை உலகம் உணர்ந்தது. அவ்வுயிர்கள் பட்ட துன்பத்தை எண்ணும்போது நெஞ்சு வருந்தும். ஆயினும் ஆய்வின் பிற்பகுதி இன்னும் முக்கியமானது. துணித் தாயோடு மட்டும் வளர்ந்த குட்டிகள், வளர்ந்த பின் தம் இனத்தோடு பழகத் தெரியாமல் தவித்தன. துணி வேண்டும், துணி மட்டும் போதாது. எவ்வளவு மென்மையாகத் தைத்த மெத்தையும் தாய்தந்தையரின் மடிக்கு ஈடாகாது.

இங்கிலாந்துக் குழந்தை மருத்துவரும் உளப்பகுப்பாய்வாளருமான டொனால்டு வினிக்காட் 1953இல் வெளியிட்ட கட்டுரை ஒன்றில் வேறோர் உண்மையைக் காட்டினார். பல குழந்தைகள் ஒரு துணித்துண்டையோ போர்வையின் ஓரத்தையோ பற்றிக்கொண்டு உறங்குகின்றன. அது தொலைந்தால் அழுகின்றன, துவைத்தாலும் சினக்கின்றன. தாய் அருகில் இல்லாத வேளையைத் தாங்குவதற்கு அத்துணி குழந்தைக்குப் பாலமாகிறது என்றார் அவர். இங்கு நாம் நோக்கத்தக்கது, அத்துணியைத் தேர்ந்தெடுப்பது குழந்தையே என்பதுதான். ஆறு இரவுகள் விழித்துத் தைத்த பூவேலைப் போர்வையை ஒதுக்கிவிட்டு, தாயின் பழைய கைலியின் கிழிசலைக் குழந்தை பற்றிக்கொள்ளலாம். அப்போது பெற்றோர் மனம் சிறிது வாடும். ஆனால் அக்குழந்தை அன்பைத் தள்ளவில்லை. தனக்கு வேண்டிய வடிவில் அதனை எடுத்துக்கொண்டது. கொடையின் அறம் இதில்தான் சோதிக்கப்படுகிறது. கொடுத்த பொருளை நாம் விரும்பிய வண்ணமே பெற வேண்டும் என்று வற்புறுத்தினால், அது கொடையாகாது, கடன் ஆகிவிடும்.

அதே கட்டுரையில், தாய் குறைவற்றவளாக இருக்க வேண்டியதில்லை. போதிய அளவு நல்லவளாக இருந்தால் போதும் என்ற கருத்தையும் வினிக்காட் கூறினார். தொடக்கத்தில் குழந்தையின் தேவைக்கு முற்றிலும் இசைந்து நிற்கும் தாய், குழந்தையின் வளர்ச்சிக்கேற்பச் சிறிது சிறிதாக விலகி நிற்பதும் அவ்வளர்ச்சிக்கு வேண்டுவதே என்றார். நேரமில்லை என்று வருந்தும் பெற்றோர்க்கு இதனினும் ஆறுதலான மருந்து வேறில்லை.

அறிவோடு கூடிய அன்பு

கவனமே கைத்தையலின் உயிர் என்றோம். கவனம் எதன்மீது இருத்தல் வேண்டும்? குழந்தையின்மீது. தைப்பவரின் பெருமையின்மீது அன்று. இவ்விரண்டும் வேறுபடும் இடம் ஒன்று உண்டு.

தைக்கத் தொடங்கியவர்க்கு அழகின் ஆசை மிகும். தொட்டிலுக்குப் பஞ்சு திணித்த தலையணை, சுற்றிலும் மெத்தைத் தடுப்பு, நீண்ட நாடாக்கள், தள்ளுவண்டி முழுவதையும் மூடும் திரை எனக் கை ஓயாது செல்லும். ஆனால் மருத்துவம் கூறுவது வேறு. குழந்தையை மல்லாக்கப் படுக்க வைத்தே உறங்கச் செய்ய வேண்டும் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் அறிவுறுத்துகிறது. மெத்தென்ற தலையணைகளும் தளர்ந்த துணிகளும் கைக்குழந்தையின் மூச்சை அடைக்கக்கூடும் என்பதனால், உறங்குமிடத்தில் அவை இல்லாதிருப்பதே நன்று என்று மருத்துவர் கூறுகின்றனர். நீண்ட நாடா கழுத்தில் சுற்றிக்கொள்ளலாம். தைத்து வைத்த பொத்தான் கழன்று வாய்க்குள் போகலாம். வெயில் படாதிருக்கத் தள்ளுவண்டியின்மேல் கனத்த துணியைப் போர்த்தினால் காற்றோட்டம் தடைப்பட்டு உள்ளே வெப்பம் ஏறும். குளிர்நாட்டார் தைக்கும் பஞ்சுறையை நம் நாட்டு வெப்பத்தில் தைத்துப் போடுதல் குழந்தைக்கு நன்மையாகாது.

இரவெல்லாம் தைத்த தலையணையைக் குழந்தையின் உறக்கத்துக்காக அகற்றி வைக்க மனம் வருமா? வருமாயின் அவ்வன்பு மெய்யன்பு. வராதாயின், தைத்தது குழந்தைக்காக அன்று; தனக்காக. ஊசி பிடித்த கையைவிட, தைத்ததைக் கழற்றி வைக்கும் கைக்கு ஒரு படி உயர்வு உண்டு.

கடமையும் கொடையும்

இவற்றைத் தொகுத்துப் பார்த்தால் நம் வினாவுக்கு விடை கிடைக்கிறது. குழந்தைக்குச் செய்வனவற்றுள் கடமை என்றும் கொடை என்றும் இரு வகை உண்டு. உணவு, உறைவிடம், காவல், தழுவல், பேச்சு ஆகியவை கடமை. இவற்றைத் தராமல் இருக்க எவர்க்கும் உரிமையில்லை. தன் கையால் தைத்துத் தருதல் கொடை. தந்தால் இனிது, தராவிட்டால் பழியில்லை. ஆனால் கடமைக்கும் கொடைக்கும் பொதுவான வேர் ஒன்றே. அது, இக்குழந்தையை இக்குழந்தையாகவே பார்த்து அறியும் கவனம். தையலில் அக்கவனம் எளிதில் உண்டாகிறது என்பதே தையலின் சிறப்பு. குளிப்பாட்டுவதிலும் சோறூட்டுவதிலும் அதே கவனம் உண்டாகுமாயின், தைக்காத தாயும் அளவெடுத்தவளே.

இக்கடமை தாய்க்கு மட்டும் உரியதோ? தையல் பெண்பாலார் வேலை என்று பலர் எண்ணுகின்றனர். ஆனால் நம் ஊர்களில் தையற்கடை வைத்துத் தொழில் நடத்தியவர்களுள் ஆண்களே மிகுதி. கூலி கிடைக்குமிடத்தில் ஆணின் தொழிலாக இருந்த தையல், கூலியற்ற வீட்டுக்குள் வந்ததும் பெண்ணின் பண்பாகிவிட்டது. இம்மாற்றத்தில் ஊசியின் குற்றம் ஒன்றுமில்லை. தள்ளுவண்டிக்கு விரிப்புத் தைக்கத் தந்தையின் விரல்களும் போதும். அவனால் தைக்க இயலாதெனின், அவள் தைக்கும் ஒரு மணி நேரம் குழந்தையைத் தன் தோளில் வைத்திருத்தலும் தையலில் பங்கு கொள்வதே.

சமுதாயத்துக்கும் இதில் பங்குண்டு. 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின்கீழ் நெடுங்காலம் 60 நாளாக இருந்த மகப்பேற்று விடுப்பு, 2023 சனவரி முதல் நாளிலிருந்து 98 நாளாயிற்று. மணமான தந்தையர்க்கு 7 நாள் விடுப்பும் அப்போது சட்டத்தில் இடம்பெற்றது. பெற்றோரின் நேரம் அவர்தம் மனத்தை மட்டும் பொறுத்ததன்று, சட்டத்தையும் பொறுத்தது என்பதற்கு இது சான்று. 'குழந்தையோடு இருங்கள்' என்று பெற்றோர்க்கு அறிவுரை கூறும் சமுதாயம், இருப்பதற்கான நாள்களையும் தர வேண்டும். நாளைத் தராமல் அறிவுரையை மட்டும் தருவது, துணியைத் தராமல் சட்டை தைக்கச் சொல்வது போன்றது.

தோட்டங்கள் பல இன்று செம்பனைக் காடுகளாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்டன. லயங்களில் வளர்ந்தோரின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் புந்தோங்கிலும் ஈப்போவின் பிற பகுதிகளிலும் வாழ்கின்றனர். சேலைத் தொட்டிலைத் தொங்கவிட்ட உத்தரங்கள் மறைந்தன. ஆயினும் கைத்தொழிலறிவு முற்றும் மறைய வேண்டுவதில்லை. ஆசிரியர்களாகிய நாம் ஆண் பெண் வேறுபாடின்றி மாணவர்க்கு ஊசியில் நூல் கோக்கவும், பொத்தான் தைக்கவும், கிழிசலை ஒட்டுப்போடவும் கற்பிக்கலாம். ஒரு பொருளைச் செய்து பார்த்தவனே, பிறர் செய்த பொருளின் அருமையை அறிவான். அவன் ஒருநாள் தந்தையாகும்போது தைக்காமற்போகலாம். ஆனால் மலிவாகக் கிடைக்கும் ஒரு மார்புத்துணியை வாங்கும்போதும், அதனைத் தைத்த ஒரு தொழிலாளியின் கை அவன் நினைவுக்கு வரும். அவளுக்கும் வீட்டில் குழந்தை இருக்குமோ என்று அவன் எண்ணுவானாயின், நம் கல்வி வீண்போகவில்லை.

தையல் அறிந்தோர் குழந்தையின் சட்டைக்கு ஒரு விதி வைத்திருக்கின்றனர். ஓரத்தில் துணியை ஒட்ட வெட்டாமல், உள்ளே மடித்து விட்டுத் தைப்பர். குழந்தை வளர வளர அம்மடிப்பைப் பிரித்துவிட்டால் சட்டையும் நீளும். இன்றைய அளவைத் துல்லியமாக எடுத்த கையே, அவ்வளவு நிலையானதன்று என்பதையும் அறிந்து துணியை மிச்சம் விடுகிறது. பெற்றோரியல் முழுவதற்கும் இவ்விதி பொருந்தும். நம் குழந்தையை நாம் நன்கு அறிதல் வேண்டும். நாம் அறிந்ததற்கு அப்பாலும் அது வளரும் என்பதற்கு இடம் விடுதலும் வேண்டும். ஒருநாள் அம்மடிப்பும் போதாமற்போகும். சட்டை சிறிதாகிப் பெட்டிக்குள் போகும். அல்லது அடுத்த குழந்தைக்குப் போகும். அன்று வருந்துவதற்கு ஒன்றுமில்லை. சிறிதாவதற்கென்றே தைத்த சட்டை அது.